பழைய லேப்டாப்பில் ஆன்டிக்ஸ் லினக்ஸ்: பென் டிரைவிலிருந்து ஹார்ட் டிஸ்குக்கு

தம்பி பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி எங்கள் வீட்டு அலமாரியில் நான்கு வருடம் சும்மா கிடந்தது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். இப்போது அக்கா மகள் அதில் தமிழ் தட்டச்சு பழகுகிறாள், பாட வீடியோ பார்க்கிறாள். இந்த நிலைக்குக் கொண்டுவர எனக்கு மூன்று மாலைகள் ஆயின. நடுவில் குடும்பப் படங்கள் இருந்த ஒரு வெளி டிஸ்கையும் அழித்துவிட்டேன். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பத்து வருடப் பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில் தேறாது. அவற்றுக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸின் எடை குறைந்த வகை நல்ல வழி. நான் எடுத்தது ஆன்டிக்ஸ். டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. பென் டிரைவிலிருந்தே லைவாக, அதாவது நிறுவாமலேயே ஓடும். பிடித்திருந்தால் ஹார்ட் டிஸ்கில் நிறுவிக்கொள்ளலாம். ரேம் 4 ஜிபிக்கு மேல் இருந்தால் இதன் உறவுக்காரரான எம்எக்ஸ் லினக்ஸைப் பாருங்கள், பார்வைக்கு இன்னும் பழகிய மாதிரி இருக்கும். கீழே சொல்லும் படிகள் அதற்கும் ஏறக்குறைய பொருந்தும்.

1. முதலில், இந்த மெஷின் தேறுமா என்று பாருங்கள்

விண்டோஸில் சிஸ்டம் விவரப் பக்கத்தைத் திறந்தால் பிராசசர் 64 பிட்டா 32 பிட்டா என்று இருக்கும். பார்க்க வேண்டியது பிராசசர் வரியை. 64 பிட் பிராசசரில் 32 பிட் விண்டோஸ் போட்டுக் கொடுத்த லேப்டாப்புகள் நிறைய உண்டு. உண்மையிலேயே 32 பிட் பிராசசர் என்றால் ஆன்டிக்ஸ் 23 வரிசையின் 32 பிட் பதிப்பை எடுங்கள். அது டெபியன் 12ஐ வைத்துச் செய்தது. டெபியன் 13 முதல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியும் (நிறுவும் மென்பொருள்) கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிடையாது.

அடுத்து ஹார்ட் டிஸ்கின் உடல்நிலை. விண்டோஸ் இன்னும் ஓடுகிறது என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீல நிறத்தில் நலம் என்று காட்டினால் சரி. மஞ்சளில் எச்சரித்தால் அந்த டிஸ்கில் எதையும் நிறுவாதீர்கள். டிஸ்க் பக்கம் காதை வைத்தால் டிக் டிக் என்று சத்தம் வருகிறதா? அதற்கும் இதே பதில்தான். சாகப்போகிற டிஸ்கில் லினக்ஸ் போட்டால் பத்து நாளில் நின்றுவிடும், பழி லினக்ஸ் மேல் விழும்.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை: அந்தக் கணினியில் என்ன வேலை நடக்கிறது? டேலி, போட்டோஷாப், பேஜ்மேக்கர், ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன் என்று ஏதாவது இருந்தால் விண்டோஸைத் தூக்காதீர்கள். பழைய லேசர் பிரிண்டர்கள் சிலவற்றுக்கும் லினக்ஸ் டிரைவர் கிடைப்பது சிரமம். இணையம், தட்டச்சு, பாட்டு, வீடியோ, மின்னஞ்சல் என்றால் தாராளமாக இறங்கலாம்.

2. செலவும் நேரமும்

ஆன்டிக்ஸுக்குக் காசு கிடையாது. 16 ஜிபி பென் டிரைவுக்கு நான் 400 ரூபாய் கொடுத்தேன். 8 ஜிபியும் போதும். முழுப் பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பு (பென் டிரைவில் எழுத வேண்டிய மொத்தத் தொகுப்பு) ஏறக்குறைய 2 ஜிபி இருக்கும், ஒரு நாள் டேட்டா பேக்கில் முடிந்துவிடும்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலான வேகமான சேமிப்பு) வாங்குங்கள், அப்புறம் ரேம். 120 ஜிபி எஸ்எஸ்டி 1,400 ரூபாய்க்கும், பயன்படுத்திய 2 ஜிபி டிடிஆர்3 ரேம் 500 ரூபாய்க்கும் எனக்குக் கிடைத்தன. பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாற்ற அடியில் சில திருகுகளைக் கழற்றினால் போதும். நிறுவும் முன்பே மாற்றிவிட்டால் ஒரே வேலையாகப் போகும். பழைய டிஸ்கைத் தொடாமல் எடுத்து வைக்கலாம், அதுவே உங்கள் பேக்கப்.

நேரம்: பென் டிரைவ் தயாரிக்கப் பத்து நிமிடம், நிறுவ ஹார்ட் டிஸ்கில் இருபது முதல் நாற்பது நிமிடம், நிறுவிய பின் அப்டேட்டுக்கு ஒரு மணி நேரம் வரை. பேக்கப் எடுக்கத்தான் அதிக நேரம் பிடிக்கும், அதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். பழைய லேப்டாப்பின் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும். நிறுவும் நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். யுபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் செருகுங்கள்.

3. எடுத்து வைக்க வேண்டியவை

டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், படங்கள். டெஸ்க்டாப்பை மறக்கிறவர்கள்தான் அதிகம், நம் வீடுகளில் பாதிக் கோப்புகள் அங்கேதான் கிடக்கும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் புக்மார்க்குகளையும் தனியாக ஏற்றுமதி செய்யுங்கள். ஆதார், பான், மதிப்பெண் சான்று, பட்டா என்று ஸ்கேன் செய்து வைத்தவை இருந்தால் இரண்டு இடங்களில் நகல் வையுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒன்று: பாமினியிலோ வானவில்லிலோ அடித்த பழைய கோப்புகள் இருந்தால், கோப்பை மட்டும் நகலெடுத்தால் போதாது. அந்த எழுத்துருவும் வேண்டும். இல்லையென்றால் திறக்கும்போது ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். விண்டோஸ் அடைவுக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒரு அடைவு இருக்கும். அதிலிருந்து நீங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துருக் கோப்புகளை எடுத்து பேக்கப்போடு சேர்த்துவிடுங்கள்.

ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: வைஃபை பாஸ்வேர்டு, லேப்டாப்பின் மாடல், ஹார்ட் டிஸ்கின் அளவு, அதன் தயாரிப்பாளர் பெயர். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டும் வசதி) போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் ஏழாவது படியில் உங்களைக் காப்பாற்றும்.

4. பென் டிரைவ் தயார் செய்தல்

ஆன்டிக்ஸின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து முழுப் பதிப்பை இறக்குங்கள். கோர், நெட், பேஸ் என்று சிறிய பதிப்புகளும் இருக்கும். அளவைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். கோரிலும் நெட்டிலும் டெஸ்க்டாப்பே கிடையாது, கறுப்புத் திரைதான் வரும்.

என் முதல் மாலை இங்கேதான் வீணானது. மொபைல் டேட்டாவில் இறக்கிய கோப்பு நடுவில் பழுதாகியிருந்தது. பென் டிரைவ் தயாரானது, அதிலிருந்து கணினி தொடங்கியது (பூட் ஆனது), நிறுவும்போது பாதியில் பிழை காட்டி நின்றது. மூன்று முறை அப்படி நடந்த பிறகுதான் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டேன். அதனால், ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதும் ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருளில் அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் பக்கத்தில் இருக்கும் டிக் குறியை அழுத்துங்கள். அது எஸ்எச்ஏ256 எண்ணைக் கணக்கிட்டுக் காட்டும். தளத்தில் கொடுத்துள்ள எண்ணோடு முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்துகள் ஒத்துப்போகின்றனவா பாருங்கள்.

எழுதத் தொடங்கும்போது ரூஃபஸ் ஒரு கேள்வி கேட்கும்: ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா? டிடியைத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் விண்டோஸ், இந்த டிரைவை ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பென் டிரைவைப் பிடுங்குங்கள். லினக்ஸ் எழுதிய பகுதியை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் கேட்கிறது. ஆம் என்று அழுத்தினால் எழுதியதெல்லாம் போய்விடும்.

5. பென் டிரைவிலிருந்து பூட் செய்தல்

விண்டோஸை ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் செய்யுங்கள். சாதாரணமாக மூடினால் அது அரைத்தூக்கத்தில்தான் இருக்கும், அந்த நிலையில் டிஸ்கைத் தொடுவது ஆபத்து.

பென் டிரைவைச் செருகி, பவர் பொத்தானை அழுத்திய உடனே பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யவில்லை என்றால் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய், பூட் மெனுவை இயக்கிவிட்டு வர வேண்டும். யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) உள்ள லேப்டாப் என்றால் அதே திரையில், அங்கீகரிக்காத இயங்குதளத்தைத் தடுக்கும் செக்யூர் பூட்டையும் அணைத்துவிடுங்கள். பென் டிரைவ் தெரிந்தும் பூட் ஆகாமல் திரும்பினால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

மெனு வந்ததும் முதல் வரியில் என்டர் தட்டுங்கள். திரை கறுப்பாகவே நின்றால் மறுபடி பூட் செய்து, பாதுகாப்பான வீடியோ என்ற பொருளில் வரும் வரியை எடுங்கள். பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு அது தேவைப்படும்.

6. அவசரப்படாமல் லைவில் ஒரு மாலை ஓட்டுங்கள்

டெஸ்க்டாப் வந்ததும் நிறுவும் ஐகான் கண்ணில் படும். இப்போதே அழுத்தாதீர்கள். லைவாக ஓடும்வரை உங்கள் ஹார்ட் டிஸ்கில் எதுவும் மாறாது. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று இழப்பில்லாமல் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, டச்பேடில் தட்டினால் கிளிக் ஆகிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா, மூடியை மூடித் திறந்தால் எழுந்து வருகிறதா, கேமரா தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை வரவில்லை என்றால் கவலை வேண்டாம். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் டெதரிங்கைப் போட்டால் அநேகமாக உடனே இணையம் வந்துவிடும். நிறுவிய பிறகு அதே வழியில் வைஃபைக்கான ஃபர்ம்வேரை (அந்தச் சில்லுக்கான சிறு மென்பொருள்) இறக்கிக்கொள்ளலாம்.

திரையின் ஓரத்தில் காங்கி என்ற சின்னக் கட்டத்தில் ரேம் பயன்பாடு ஓடிக்கொண்டிருக்கும். பிரவுசர் திறக்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள், பிறகு பிரவுசரில் நான்கு டேப் திறந்துவிட்டுப் பாருங்கள். ஆன்டிக்ஸ் எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான், மீதியை விழுங்குவது இன்றைய இணையப் பக்கங்கள். 2 ஜிபியில் நான்கைந்து டேப் வரை வசதியாக ஓடும். 1 ஜிபி என்றால் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

லைவில் பாஸ்வேர்டு கேட்டால் பயனருக்கு டெமோ, நிர்வாகிக்கு ரூட். இரண்டையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். லைவில் சேமித்த கோப்பு கணினியை மூடினால் போய்விடும், முக்கியமான எதையும் இங்கே எழுதாதீர்கள்.

7. நிறுவுதல்

தொடங்கும் முன் ஒரு வேலை. லைவுக்கான பென் டிரைவைத் தவிர லேப்டாப்பில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு, இன்னொரு பென் டிரைவ், டெதரிங்குக்குச் செருகிய போன், எல்லாமே.

என் இரண்டாவது மாலையில் நடந்தது இதுதான். பேக்கப் எடுத்த வெளி டிஸ்கைக் கழற்ற மறந்துவிட்டேன். நிறுவி காட்டிய பட்டியலில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று இரண்டு டிஸ்குகள் இருந்தன. முதல் நாள் பார்த்தபோது எஸ்டிஏ என்பது லேப்டாப்பின் உள் டிஸ்க். அதே நினைவில் எஸ்டிஏவைத் தேர்ந்தெடுத்து, முழு டிஸ்க் என்று கொடுத்து, ஆம் என்று அழுத்தினேன். இந்தப் பெயர்கள் நிலையானவை கிடையாது. கணினி எதை முதலில் கண்டுகொள்கிறதோ அதற்கு முதல் எழுத்து. அன்று முதலில் கண்டுகொண்டது வெளி டிஸ்கை. ஒரு நிமிடத்துக்குள் அக்கா கல்யாணப் படங்களும் அப்பாவின் கடைசி இரண்டு வருடப் படங்களும் இருந்த இடத்தில் புதிய பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த தனிப் பகுதி) உட்கார்ந்துவிட்டது. மீட்பு மென்பொருள் வைத்து இரவெல்லாம் தேடியதில் பாதி கிடைத்தது. கிடைத்தவற்றிலும் பல படங்கள் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருந்தன.

அதனால் எஸ்டிஏ, எஸ்டிபியைப் பார்க்காதீர்கள். அதற்குப் பக்கத்தில் இருக்கும் அளவையும் தயாரிப்பாளர் பெயரையும் பாருங்கள். தாளில் எழுதி வைத்ததோடு ஒத்துப்போனால் மட்டும் மேலே போங்கள். 320 ஜிபி டிஸ்கை நிறுவி 298 என்று காட்டலாம். ஆயிரத்தை வைத்துக் கணக்கிடுவதற்கும் 1024ஐ வைத்துக் கணக்கிடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது, பயப்பட வேண்டாம்.

இனி திரைகள் வரிசையாக வரும். விசைப்பலகைத் திரையில் ஆங்கிலத்தையே விடுங்கள். தமிழ் தெரிந்ததும் ஆசையாக அதைத் தேர்ந்தெடுத்தேன். மூன்றாவது மாலை அதில் போனது. பயனர் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் அடிக்க முடியும், நுழைவுத் திரையிலோ விசைகள் தமிழாக விழும். உள்ளே போகவே முடியவில்லை, மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. தமிழ் உள்ளீட்டை நிறுவிய பின் சேர்ப்பதுதான் சரி.

விண்டோஸ் வேண்டாம் என்றால் முழு டிஸ்கையும் பயன்படுத்தும் வழக்கமான நிறுவலைத் தேர்ந்தெடுங்கள், பார்ட்டிஷனை அதுவே பிரித்துக்கொள்ளும். ரூட்டுக்கும் (இயங்குதளம் இருக்கும் பகுதி) ஹோமுக்கும் (உங்கள் கோப்புகள் இருக்கும் பகுதி) பங்கு பிரிக்க ஒரு நகர்த்துபட்டி வந்தால் ரூட்டுக்கு 30 ஜிபி குறையாமல் விட்டு மீதியை ஹோமுக்குக் கொடுங்கள். பின்னாளில் ஆன்டிக்ஸை மறுபடி நிறுவ நேர்ந்தாலும் ஹோமில் உள்ள கோப்புகளை வைத்துக்கொள்ளலாம். ஸ்வாப் (ரேம் நிரம்பும்போது டிஸ்கில் பயன்படும் இடம்) கேட்டால் 2 ஜிபி ரேம் மெஷினுக்கு 2 முதல் 4 ஜிபி கொடுங்கள். டிஸ்க் என்க்ரிப்ஷன் பழைய பிராசசரை இன்னும் மெதுவாக்கும். வெளியே எடுத்துப் போகாத கணினி என்றால் விட்டுவிடலாம்.

அடுத்த முக்கியமான திரை பூட்லோடர், அதாவது கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல்; இங்கே அதன் பெயர் க்ரப். க்ரப்பை எங்கே போடட்டும் என்று கேட்கும். பழைய பயாஸ் மெஷினில் எம்பிஆர் (டிஸ்கின் தொடக்கப் பகுதி), யுஇஎஃப்ஐயில் ஈஎஸ்பி (பூட்டுக்கான தனிப் பார்ட்டிஷன்). பெரும்பாலும் நிறுவியே சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது, அது எந்த டிஸ்கில் போகிறது என்பதை. ஆன்டிக்ஸ் எந்த டிஸ்கில் இருக்கிறதோ அதே டிஸ்கில் க்ரப்பும் இருக்க வேண்டும். வேறு டிஸ்கில் போனால், அந்த டிஸ்கைக் கழற்றியதும் லேப்டாப் பூட் ஆகாது.

மொழிக்கு ஆங்கிலம் (இந்தியா), நேர மண்டலத்துக்கு ஆசியா, கொல்கத்தா என்று கொடுங்கள். இலங்கையில் இருப்பவர்கள் கொழும்பைத் தேர்ந்தெடுக்கலாம். மொழியைத் தமிழாக வைத்தால் மெனு பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் வரும். கறுப்புத் திரையில் ஏதாவது பிழைச் செய்தி வந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும், உதவி கேட்கக்கூட அதைப் படித்துச் சொல்ல முடியாது.

கடைசியாகப் பயனர் பெயர், பாஸ்வேர்டுகள். தாளில் எழுதுங்கள். நிறுவல் முடிந்து மறுதொடக்கம் ஆகும்போது பென் டிரைவைக் கழற்ற மறக்காதீர்கள். மறந்தால் மறுபடி லைவுக்குள்ளேயே போய், நிறுவியது எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

8. விண்டோஸும் இருக்கட்டும் என்பவர்களுக்கு

இடத்தை விண்டோஸுக்குள்ளிருந்தே ஒதுக்குங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை ஷ்ரிங்க் செய்து (சுருக்கி) 40 ஜிபி காலியாக விட்டால் போதும். அதைப் பார்ட்டிஷனாக மாற்ற வேண்டாம். பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான் இருக்க முடியும். லேப்டாப்போடு வந்த ரிக்கவரி, டூல்ஸ் பகுதிகளைச் சேர்த்து நான்கும் நிரம்பியிருந்தால் காலி இடம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் நிறுவியால் அதைப் பயன்படுத்த முடியாது. அப்போது தேவையில்லாத ஒரு பகுதியின் தரவை எடுத்து வைத்துவிட்டு அதை நீக்க வேண்டும்.

இன்னொன்று கடிகாரம். ஆன்டிக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் மணி ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும். நிறுவும்போது நேர மண்டலத் திரையிலேயே, கணினிக் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருக்கிறது என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

9. நிறுவிய பிறகு

முதலில் இணையத்தை இணைத்து அப்டேட்டை முடியுங்கள். மென்பொருள் நிறுவ சினாப்டிக் இருக்கும். அதைத் திறந்து ரீலோட் கொடுத்த பிறகே எதையும் தேடுங்கள், இல்லையென்றால் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லும்.

தமிழுக்கு லோஹித் அல்லது நோட்டோ எழுத்துருவை சினாப்டிக்கில் தேடி நிறுவுங்கள். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், கூடவே ஐபஸின் எம்17என் தொகுப்பு. அதில் தமிழ்99, ஃபொனெட்டிக், டைப்ரைட்டர் என்று எல்லாம் இருக்கின்றன. ஐஎம் கான்ஃபிக் என்ற கருவியில் ஐபஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு வெளியேறி மறுபடி நுழையுங்கள். ஒவ்வொரு முறையும் தானாக ஐபஸ் வரவில்லை என்றால், ஆன்டிக்ஸ் கன்ட்ரோல் சென்டரின் செஷன் பகுதியில் ஸ்டார்ட்அப் கோப்பு இருக்கும். அதில், பின்னணியில் ஓடும் நிரலான ஐபஸ் டீமனைத் தொடங்கும் வரியைச் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது படியில் எடுத்து வைத்த பாமினி, வானவில் கோப்புகள் நினைவிருக்கிறதா? உங்கள் ஹோமில் புள்ளியில் தொடங்கும் ஃபான்ட்ஸ் என்ற மறைந்த அடைவை உருவாக்கி, எழுத்துருக் கோப்புகளை அதில் போடுங்கள். லிப்ரே ஆஃபிஸை மூடித் திறந்தால் அப்பா காலத்து விண்ணப்பக் கடிதங்கள்கூடப் படிக்கும்படி வந்துவிடும்.

பென் டிரைவை ஒரு மாதம் அப்படியே வைத்திருங்கள். க்ரப் கெட்டுப்போனால் அதே லைவில் நுழைந்து பூட் ரிப்பேர் கருவியால் பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். பிறகு பழையபடி பயன்படுத்த வேண்டும் என்றால் அதே ரூஃபஸில் பூட் தேவையில்லை என்ற தெரிவைக் கொடுத்து ஃபார்மட் செய்யுங்கள், முழு 16 ஜிபியும் திரும்பி வந்துவிடும்.